கேஸ் பைக்கும் கடைசி வரிசை சீட்டும்

"அந்த பைக்கு கிலோவுக்கு நூறு கிலோமீட்டர் ஓடுதுன்னு சொல்லுதாங்க. ஓடட்டும். அதுக்கு நான் ஏன் சாகணும்? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த பெண் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. வணக்கம் கிடையாது, உட்காரலாமா என்ற கேள்வியும் கிடையாது. தோள்பையை மேஜைமேல் போட்ட வேகத்தில் என் டீ கிளாஸ் கவிழ்ந்தது. அதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை.

"டீ பதினைஞ்சு ரூவா" என்றேன்.

"நான் வயித்தெரிச்சல்ல வந்திருக்கேன். உனக்கு டீயா முக்கியம்?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். 'கிருபாபாய், சப்-இன்ஸ்பெக்டர் (ஓய்வு), துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்கும். பால்பாண்டி என்கிற என் பெயர் அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பெயின்ட் தீந்துபோச்சுலே" என்றார் கிருபாபாய் அக்கா. அது நடந்து மூன்று வருஷமாகிறது, பெயின்ட் இன்னும் வாங்கவில்லை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். ஊர் ஜனம் ஆளுக்கொரு பைக் வாங்கி எங்கள் பஸ்ஸைப் படுக்க வைத்துவிட்டது. அதனால் பைக் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலைப்பட்சம் என்று யாரும் பேசக் கூடாது.

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பேரு சொல்லு. பொறவு விசயத்தைச் சொல்லு. அழறதா இருந்தா இப்பவே அழுதுரு. நடுவுல அழுதா எனக்குக் கோவம் வரும்."

"நான் எதுக்கு அழப்போறேன்? அழ வைக்கத்தான் வந்திருக்கேன்."

அவள் பெயர் வெங்கடேஸ்வரி. ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற காஜ் துணி நெய்யும் ஒரு மில்லில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து இருபத்திரண்டு பெண்கள் கம்பெனி வேனில் போய் வருகிறார்கள். அடுத்த ஒன்றாம் தேதியில் இருந்து வேன் கிடையாது என்று முதலாளி பாண்டிதுரை நோட்டீஸ் ஒட்டிவிட்டார். வேனுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கேஸ் பைக். அவரே லோன் ஏற்பாடு செய்வார், மூன்று வருஷம் சம்பளத்தில் பிடிப்பார். சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்று வியாழக்கிழமை.

"போட மாட்டேன்னு சொன்னா?" என்றார் அக்கா.

"சொந்த வழியில வந்துக்கோன்னு சொல்லுதாரு. மில்லு மெயின் ரோட்டுல இருந்து நாலு கிலோமீட்டர் உள்ள. பஸ்ல போயி எறங்கி நடந்தா முதல் மணி போயிரும். அஞ்சு நிமிசம் லேட்டுன்னாலும் கேட்டைப் பூட்டிருவாங்க. எங்க வீட்டுக்காரரு இடுப்பொடிஞ்சு ரெண்டு வருசமாப் படுக்கையில கெடக்காரு. நான் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். கையெழுத்துப் போட்டா மூணு வருசம் பாதிச் சம்பளம் போச்சு. போடலைன்னா வேலையே போச்சு. எந்தப் பக்கம் பாத்தாலும் குழிதான்."

"ஆனா பெட்ரோல் மிச்சமாகுமே" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் என் மீசை கருகியிருக்கும். "அதைத்தான் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சிருக்காரு. சூப்பர்வைசர் விமல் சார் ரெண்டு மாசமா அந்த பைக்குல எங்க ஊர்ல இருந்துதான் வாராரு. பெட்ரோல்னா மாசம் ஆயிரத்தைந்நூறு, கேஸ்னா எழுநூத்தம்பதுன்னு பில்லை எல்லாம் வரிசையா ஒட்டியிருக்காரு. பக்கத்துலயே வேன் டீசல் பில்லு. ரெண்டு மாசமா டீசல் செலவு எம்புட்டுக் கூடிப்போச்சு, பாருங்கன்னு எங்களையே திட்டுதாரு. நாங்க என்ன டீசலைக் குடிச்சமா? கடைசி வரிசை சீட்டைக் கூட ரிப்பேருன்னு கழட்டிட்டாங்க. ரெண்டு மாசமா அஞ்சு பேரு நின்னுக்கிட்டே போறோம். நின்னா டீசல் கூடுமா?"

பில்களை அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். மொத்தம் பதினாறு. அக்கா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். படத்தை விரலால் தள்ளுகிற வேகத்திலேயே தெரிந்தது, ஏதோ கிடைத்துவிட்டது.

"இந்த விமல் எத்தனை மணிக்கு வேலைக்கு வாரான்?"

"எட்டு மணிக்கு எங்களுக்கு முன்னாடி நிப்பாரு. நாலரை வரைக்கும் நகர மாட்டாரு. நாங்க ஒண்ணுக்குப் போனாக்கூட வாட்சைப் பாக்குற மனுசன்."

"செவ்வாக்கிழமையும் சனிக்கிழமையுமா?"

"எல்லா நாளும்தான்."

அக்கா போனை என் பக்கம் திருப்பினார். "பில்லு எல்லாம் ஒண்ணு செவ்வா, இல்லாட்டி சனி. செவ்வாக்கிழமைன்னா ஒம்பதே முக்கால். சனிக்கிழமைன்னா பத்து இருவது. விமல் மில்லுல நின்னு வாட்சைப் பாக்கான். அதே நேரத்துல அவன் பைக்கு எங்கயோ நின்னு கேஸ் குடிக்குது."

"பைக்குக்கும் ரெட்டைப் பிறவி இருக்கும் போல" என்றேன். இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. மினி பஸ்ஸில் என் ஜோக்குக்கு ஸ்டாண்டிங் ஆட்கள்கூடச் சிரிப்பார்கள்.

* * *

மறுநாள் காலை என் மொபெட்டில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பில்லில் இருந்த பங்க், ஆலங்குளம் ரோட்டில், மில்லில் இருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"நான் தோண்டுன பள்ளமா இது?"

"நீ விட்ட பள்ளம்லே. பாத்து ஓட்டு."

பங்கில் இருபது வண்டி வரிசையில் நின்றது. ஆட்டோ, குட்டியானை, நடுவில் நாலைந்து பைக். வரிசை நகரவே இல்லை. எல்லோர் முகத்திலும் ஒரே எரிச்சல். கடைசியில் நின்ற சேத்தூர்க்காரரிடமும் விமலின் பைக்கைப் போலவே ஒன்று இருந்தது. பைக் எப்படி என்று கேட்டேன். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர் போலக் கொட்டித் தீர்த்தார்.

"பைக்கு நல்ல பைக்குதான், பொய் சொல்லக் கூடாது. கிலோவுக்கு நூறு வரைக்கும் ஓடுது. ஆனா கேஸ் வீட்டு வாசலுக்கு வருமா? லாரியில ஒம்பது மணிக்கு லோடு வருது, பன்னெண்டுக்குத் தீந்துருது. ஞாயித்துக்கிழமை லோடே கிடையாது. பிரஷர் இல்லாட்டி அரை டேங்குதான் ஏறும். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து நிக்கேன். ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போகுது. எங்க மச்சான் வீடு இந்தா பங்குக்குப் பின்னாடி. அவனுக்கு லாபம். எனக்கு வாயில நல்லா வந்துரும், போயிருங்க."

"பெட்ரோல் டேங்கும் இருக்காமே. அதுல ஓட்டலாம்ல?" என்றார் அக்கா.

"பெட்ரோல்ல ஓட்டுறதுக்கு என் பழைய வண்டி என்ன பாவம் செஞ்சுது? அதை வித்துல்ல இதை வாங்கியிருக்கேன்!"

கேஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் சட்டையில் முனீஸ்வரி என்று பெயர் தைத்திருந்தது. அக்கா விமல் பைக்கின் நம்பரைச் சொன்னதும் முகம் சுளித்தாள்.

"அந்தச் செவப்பு பைக்கா? மில்லு பைக்கு. செவ்வாயும் சனியும் வரும். நாளைக்கும் வரும்."

"யாரு ஓட்டிட்டு வருவா?"

"யாரும் ஓட்டிட்டு வர மாட்டாங்க."

"அப்ப தானாவா வரும்?" என்றேன்.

"டிரைவர் கொண்டாருவாரு."

"பைக்குக்கு டிரைவரா?"

"யோவ், லைன்ல ஆளு நிக்குறது கண்ணுக்குத் தெரியலையா? கேஸ் போடுற எடத்துல நின்னு கதை கேக்குறாரு. போய்யா அங்கிட்டு!"

கண்டக்டராக இருந்த காலத்தில்கூட என்னை யாரும் இப்படி விரட்டியதில்லை. மொபெட் பக்கம் வந்து அக்காவைப் பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

"ஏலே, மினி பஸ்ல சீட்டு கிழிஞ்சு ரிப்பேருக்குக் குடுத்தா எத்தனை நாள்ல வரும்?"

"ரெக்சின் மாத்த ஒரு நாள். பலகையே ஒடிஞ்சிருந்தா ரெண்டு நாள்."

"ரெண்டு மாசம் ஆகுமா?"

"ரெண்டு மாசத்துல புதுப் பஸ்ஸே கட்டிரலாம்."

"ம். வண்டியை எடு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் விளங்கவில்லை. முதுகு அப்படி வலித்தது.

* * *

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு மில் முற்றத்தில் இருபத்திரண்டு பெண்களும் நின்றார்கள். ஆபீஸ் படிக்கட்டில் மேஜை போட்டு, அதன்மேல் பேப்பர், பேனா, சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன. கடன் பத்திரத்துக்குச் சந்தனம் வைத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். பாண்டிதுரை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் விமல் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் முதலாளியின் முகம் கோணியது. "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? போலீஸ் வேலை முடிஞ்சு போச்சுல்ல? வீட்டுல பேரன் பேத்தி இல்லையா?"

"இருக்காங்க. அவங்களுக்கு ஒரு பைக்கு வாங்கலாம்னு வந்தேன். உங்க விமல் சார் பைக்கைக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிருதேன்."

"ஷெட்டுல நிக்கும்."

"ஷெட்டைப் பாத்துட்டுத்தான் வாரேன். காத்துதான் நிக்குது."

விமல் முதலாளியைப் பார்த்தார். "சர்வீசுக்கு விட்டிருக்கு மேடம்."

"எந்தச் சர்வீசு? பைக்கு விக்குற உங்க மொதலாளி மச்சினன் ஷோரூம்லயா? நேத்துச் சாயங்காலம் அங்கயும் எட்டிப் பாத்தேன் மொதலாளி. இதே பைக்கு இருவது இருவத்தஞ்சு தூசி பிடிச்சு நிக்குது. அதான் இங்க இருவத்திரண்டு பேரு தலையில கட்டப் பாக்கீங்களோ?"

"வெளிய போங்க!" பாண்டிதுரை மேஜையைத் தட்டினார். குங்குமம் சிதறியது. "ஏட்டி வெங்கடேஸ்வரி, இதெல்லாம் உன் வேலைதானா? உனக்குக் கையெழுத்தும் கிடையாது, வேலையும் கிடையாது."

"ஏட்டின்னு உங்க வீட்டுல கூப்பிடுங்க. எனக்குப் பேரு இருக்கு" என்றாள் அவள். ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. அந்த வேலை போனால் படுக்கையில் கிடக்கிறவருக்கு மாத்திரை வாங்க வழியில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா மட்டும் நிதானமாக இருந்தார். "பால்பாண்டி, மணி என்ன?"

"பத்து அம்பத்திரண்டு."

"கேட்டுக்குப் போ. ஒரு வண்டி வரும். உனக்குத் தெரிஞ்ச மாதிரி நிப்பாட்டு."

போனேன். இரண்டு நிமிஷத்தில் கம்பெனி வேன் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. முற்றத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் டிரைவர் சோலைச்சாமி அப்படியே ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தார். விடுவேனா? பதினோரு வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது. வேன் பக்கவாட்டில் ஓங்கி ஒரே அறை.

"ஓல்டான்! எறங்குறவங்க எல்லாம் எறங்குங்க!"

கண்டக்டர் குரல் கேட்டால் டிரைவர் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். வேன் நின்றது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

கடைசி வரிசை சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு கேஸ் பைக் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஏற்றி இறக்க ஒரு பலகை. ஆடாமல் இருக்க, ஜன்னல் கம்பியோடு சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டியிருந்தார்கள். காஜ் துணியின் ஓரத்தை வெட்டும்போது விழுகிற நாடா அது. அந்த மில்லில் டிபன் பாக்ஸ் முதல் ஜன்னல் வரை எதைக் கட்டினாலும் அதில்தான் கட்டுவார்கள். கை உடைந்தவனுக்குப் போடுகிற கட்டை விடப் பக்குவமாகக் கட்டியிருந்தது.

பெண்கள் வேனைச் சுற்றிக் கூடினார்கள். பிறகு வெங்கடேஸ்வரி பேசினாள். பேசினாள் என்பது தப்பு, கத்தினாள்.

"நாங்க நின்னுக்கிட்டு வந்த எடத்துல இது உக்காந்து போகுதா?"

"இல்லம்மா..." என்று இழுத்தார் சோலைச்சாமி. "மொதலாளி சொன்னாரு, ஏத்துனேன். வேன் நின்னா என்னை லாரிக்கு மாத்தி விடுதேன்னாரு..."

"எங்களை நடுரோட்டுல விட்டுட்டு நீரு லாரிக்குப் போறீரா? தெனமும் எங்க கையால காபி வாங்கிக் குடிச்சீரே, வெக்கமா இல்ல?" என்றாள் பின்னால் நின்ற முத்துப்பேச்சி. சோலைச்சாமி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டார்.

பாண்டிதுரை சுதாரித்துக்கொண்டார். வியாபாரி அல்லவா? "ஏத்துனா என்ன இப்ப? பைக்கு கிலோவுக்கு நூறு ஓடுறது பொய்யா? பில்லு பொய்யா?"

"பொய்யே இல்ல" என்றார் அக்கா. "பைக்கு ஓடுது. ஆனா கேஸ் வாங்க மட்டும் ஓடல. அதுக்கு வேன் ஓடியிருக்கு. போக வர முப்பத்திரண்டு கிலோமீட்டர், ரெண்டு மாசத்துல பதினாறு தடவை. இன்னைக்குப் பதினேழாவது. வேன் டீசல் ஏன் கூடுச்சுன்னு இந்தப் புள்ளைங்களைத் திட்டுனீங்களே, கூடுனது இந்த பைக்கைச் சொமந்துதான். பைக்கோட செலவை வேன் கணக்குல எழுதுனீங்க. பைக்கு செலவு கொறஞ்சிருச்சு, வேன் செலவு ஏறிருச்சு. ரெண்டு பில்லையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சு, வேனுக்குக் குழி தோண்ட வேனையே கூட்டிட்டுப் போயிருக்கீங்க."

"விமல் ஓட்டிட்டுப் போயிருந்தாலும்..."

"போயிருந்தா வாரத்துக்கு ரெண்டு அரை நாள் சம்பளம் போயிருக்கும். அந்தப் பில்லை நீங்க ஒட்ட மாட்டீங்க. பங்குக்குப் பின்னாடி வீடு இருக்குறவனுக்கு இந்த பைக்கு லாபம். எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுற மில்லுல வேலை பாக்குறவளுக்கு இது எப்படி லாபம்?" அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொண்ணு மொதலாளி. சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம், அதான் கையெழுத்தைப் பத்தே முக்காலுக்கு வெச்சீங்க. காலண்டரைப் பாத்தீங்க. நீங்க ஒட்டுன பில்லுல இருக்குற நேரத்தைப் பாக்கலை. சனிக்கிழமை வண்டி கேஸ் போட்டுட்டு வரப் பதினொண்ணு ஆகும்."

பாண்டிதுரையின் முகம் சந்தனக் கிண்ணத்தை விட வெளிறியது. ஆனால் அசரவில்லை. பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "பேசி முடிச்சாச்சா? மில்லு என்னோடது, வேன் என்னோடது. நிறுத்துவேன், ஓட்டுவேன். இஷ்டம் இருக்குறவ கையெழுத்துப் போடு. இல்லாதவ கெளம்பு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் வேலையை எப்படிக் காப்பாற்றுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வெங்கடேஸ்வரி படியேறினாள். "பேனாவைக் குடுங்க."

"ஏட்டி, என்ன பண்ணப்போற?" என்று அலறினாள் முத்துப்பேச்சி.

வெங்கடேஸ்வரி மேஜைமேல் குனிந்து நாலு வரி எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"'விமல் சாருக்குச் செய்தது போலவே எங்கள் இருபத்திரண்டு பைக்கையும் செவ்வாய், சனி இரண்டு நாளும் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போய் கேஸ் போட்டுத் தர வேண்டும். எங்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.' நான் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப நீங்க போடுங்க மொதலாளி."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு முத்துப்பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். "குடுட்டி பேனாவை." அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள். படியில் வரிசை நின்றது. பங்கில் நின்றதை விட இந்த வரிசை வேகமாக நகர்ந்தது.

பாண்டிதுரை வேனைப் பார்த்தார். ஒரு பைக்குக்கே ஐந்து பேர் இடம் போயிருந்தது. இருபத்திரண்டு பைக்கை ஏற்ற எத்தனை லாரி வேண்டும், எவ்வளவு டீசல் வேண்டும், இருபத்திரண்டு பேரையும் அனுப்பிவிட்டால் தறியை யார் ஓட்டுவது என்று அவர் மனசுக்குள் ஓடுவது நெற்றியில் தெரிந்தது. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நோட்டீஸ் போர்டுக்குப் போய், வேன் நிறுத்தும் அறிவிப்பை அவரே கிழித்தார். கிழித்த வேகத்தில் பாதி போர்டும் கையோடு வந்தது.

"போயி வேலையைப் பாருங்க. சாயங்காலம் அரை மணி நேரம் கூட நிக்கணும்."

"நிக்க மாட்டோம்" என்றாள் வெங்கடேஸ்வரி. "ரெண்டு மாசம் நின்னாச்சு."

எங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அவள் தறிக்கூடத்துக்குள் போய்விட்டாள். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் அந்த டீ ஞாபகம் வந்தது.

* * *

திங்கட்கிழமை காலை, சீட்டை மாட்டிவிட்டார்களா என்று பார்த்து வர அக்கா என்னை அனுப்பினார். வேனில் ஏறிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஐந்து சீட்டும் இருந்தன. ரெக்சினில் ஒரு கிழிசல்கூடக் கிடையாது. அன்றைக்கு முத்துப்பேச்சி லீவு, அதனால் ஒரு இடம் காலி. நான் டிரைவர் பக்கத்தில் என்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் எல்லையில் ஒருவர் கை காட்டினார். விமல். சனிக்கிழமை போட்ட அரை டேங்க் கேஸைக் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை சுற்றித் தீர்த்துவிட்டாராம். பெட்ரோலில் ஓட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஏறினார். யார் முகத்தையும் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போனார்.

வெங்கடேஸ்வரி தன் டிபன் பையை எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள்.

"ஆளு வருது சார்."

விமல் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாட்ச் கட்டிய கை அதுதான், நேரம் பார்க்க முடியவில்லை. சோலைச்சாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி கிளம்பியது.

மில் வரைக்கும் அந்தச் சீட்டுக்கு யாரும் வரவில்லை.